சபையில் சொன்ன பதில்

சட்டமன்றத்தில் அமைச்சர் சொல்லும் பதில் அந்த நிமிடமே எல்லா அரசுக் கணினிகளிலும் ஏறிவிடும். வெளிப்படைத்தன்மையாம்.

மூத்த மகள் நிறைமதி ஆக்சிஜன் கிடைக்காமல் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் மூச்சடங்கிய பிறகு, செல்லக்கிளி எம்.எல்.ஏ. நீலமேகத்திடம் போய் அழுதாள். நல்ல மனிதர்தான், அதுதான் வினை. ஆக்சிஜன் உற்பத்தி மையத்துக்கு ஒதுக்கிய பணம் என்ன ஆயிற்று என்று சபையில் கேட்டார்.

"முழுவதும் செலவிடப்பட்டது. மையம் இயங்குகிறது. ஆக்சிஜன் இன்றி எவரும் இறக்கவில்லை" என்று பதில் வந்தது.

அன்று மாலையே நிறைமதியின் இறப்புச் சான்றிதழ் ரத்தாகிவிட்டது.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்திலிருந்து செல்லக்கிளியின் போனுக்குச் செய்தி வந்தது: உங்கள் மகள் இன்று வரவில்லை. காரணம் காய்ச்சலா, வெளியூர்ப் பயணமா, வீட்டு விசேஷமா? ஒன்றை அமுக்கிப் பதில் அனுப்பாவிட்டால் ரேஷன் நிறுத்தப்படும்.

அவள் நீலமேகத்துக்குப் போன் போட்டாள். "ஐயா, புள்ள செத்துப்போச்சுன்னு அமுக்க அதுல இடமே இல்லீங்க."

"துணைக்கேள்வி கேட்டுப் பாத்துட்டேம்மா. ஏற்கெனவே பதில் சொல்லியாச்சுங்கறாங்க. நான் கேக்காமலே இருந்திருக்கணும்."

சின்னவளுக்குச் சோறு வேண்டுமே. செல்லக்கிளி தினமும் காய்ச்சலை அமுக்கினாள்.

மாதக் கடைசியில் அதே ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது: நிறைமதிக்குத் தொடர் காய்ச்சல் என அறிகிறோம். படுக்கை ஒதுக்கப்பட்டுள்ளது. ஆக்சிஜன் வசதி உண்டு. உடனே அழைத்து வரவும்.