அந்தோனியம்மாவைக் கொட்டிய பூச்சி

பூரணி டீச்சர் பூதக்கண்ணாடியைப் பிடித்து இரண்டு புட்டிகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

ஒன்றில் இருந்தது ஆறு மாதத்துக்கு முன் செத்த பூச்சி. மற்றதில் இருந்ததை அன்று காலைதான் கஸ்பர் காட்டோரத்துப் பன்னச் செடியில் பிடித்திருந்தான். அது இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது.

செத்த பூச்சியை அவனிடம் கொடுத்தவர் இக்னேசியஸ். கஸ்பரின் மனைவி அந்தோனியம்மாவின் அண்ணன். தோட்டத்து மருந்தகத்தில் வேலை.

"வர்ற வழியில குளவி கொட்டிருச்சு மாப்ள. முந்தானையில இதுதான் இருந்துச்சு" என்று அன்று அவர் சொன்னார்.

முகம் வீங்கிச் செத்துக் கிடந்தவளைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்றிலிருந்து கஸ்பர் அந்தக் குளவிக்கூட்டைத் தேடினான். இன்னொருத்தி சாகக் கூடாது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் தீப்பந்தத்தோடு காட்டுக்குள் போனான். வேறு குளவிகளிடம் மூன்று முறை கொட்டு வாங்கினான். மூன்று முறையும் மருந்து போட்டது இக்னேசியஸ்தான். தேடினது போதும் என்று அவர் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை.

இன்று அதே மாதிரிப் பூச்சி இலைமேல் உட்கார்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெறுங்கையால் பிடித்தான்.

கொட்டவில்லை. பொத்திப் பார்த்தான். அப்போதும் கொட்டவில்லை.

அதனால்தான் கொட்டகலைக்கு நடந்து வந்து டீச்சரிடம் காட்டினான்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. குளவின்னா இடுப்பு நூல் மாதிரி இருக்கும், இதுக்கு இடுப்பே இல்ல. இது ரம்ப ஈ. ரம்பம் மாதிரி இலையக் கீறி முட்டை வைக்கும். கூடு கட்டாது. கொட்டுறதுக்குக் கொடுக்கும் கிடையாது."

மறுபடியும் பார்க்கச் சொன்னான். பார்த்தார். அதையேதான் சொன்னார்.

அந்தோனியம்மாவுக்கு அன்று விரலில் சீழ் வைத்திருந்தது. மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருந்த பெனிசிலின் ஊசியை அண்ணனிடம் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே உயிர் போய்விட்டது என்று இக்னேசியஸ் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். இறப்புப் பதிவிலும் குளவி என்றே எழுதினார்கள்.

மருந்தகம் மூடும் நேரத்தில் கஸ்பர் போய்ச் சேர்ந்தான்.

இக்னேசியஸ் அவன் முகத்தைப் பார்த்ததுமே பஞ்சை எடுத்தார். "திரும்பவும் கொட்டிருச்சா?"

"அந்தோனிக்கு ஊசி போட்டீங்களா, மச்சான்?"

அவர் பஞ்சை மேசைமேல் வைத்தார்.

"போடுறப்ப நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தா. அப்புறந்தான் முகம் வீங்குச்சு."