மன்னிப்புச் சாப்பாடு

“கோமா மறுபடியும் ஓடிடுச்சு!” தோட்டத்து வேலிப் பலகையில் ஆணியடித்தபடி ஷூஹெய் கத்தினார். “பக்கத்து வீட்டுத் தொமியோகா ஐயாவோட முள்ளங்கிப் பாத்தியில அந்த நாய்க்கு அப்படி என்னதான் இருக்கோ!”

“நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரேங்க.” மனைவி மிசுஹோ சாப்பாட்டுப் பெட்டியைத் துணியில் முடிந்தாள்.

ஷூஹெய் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

“நாய் இப்பத்தானே ஓடுச்சு? இதை எப்ப சமைச்சே?”

மிசுஹோ தலைகுனிந்தாள். “பலகையைக் கழட்டிவிட்டது நான்தாங்க. சம்சாரம் தவறிப்போனதுலேர்ந்து தொமியோகா ஐயா சரியாவே சாப்பிடறதில்ல. சும்மா கொடுத்தா, ‘நான் என்ன பிச்சைக்காரனா’ன்னு திருப்பி அனுப்பிடறார். மன்னிப்புன்னு கொண்டுபோனா மறுக்க முடியாதுல்ல?”

ஷூஹெய் அடித்த ஆணியைப் பிடுங்கினார்.

“நாளைக்கு விலை ஒசந்த விலாங்கு மீனா வாங்கிட்டு வரேன். கோமா கொஞ்சம் பெரிய தப்பாப் பண்ணட்டும்.”