முனை பார்த்த பக்கம்

"குண்டு இல்லாத துப்பாக்கிதான சார், அதுக்கு ஏன் இப்படிப் பதறுறீங்க?" என்று சிரித்தபடி திரும்பினான் ஞானதுரை. தோட்டத்துக் காவலுக்குத் துப்பாக்கி உரிமம் கேட்டிருந்தான். அதற்கான பயிற்சியின் கடைசி நாள் அது.

"முனை எப்பவும் இலக்கைத்தான் பாக்கணும். இப்ப யாரைப் பாக்குதுன்னு பாருங்க," என்றார் பயிற்சியாளர்.

முனை, சாப்பாடு கொண்டுவந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ரோஸ்லினைப் பார்த்தது. அவள் துப்பாக்கியைக் கவனிக்கவேயில்லை. அவன் சட்டென்று திரும்பியதற்கே இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் கை ஓங்கும்போதெல்லாம் அவன் மட்டுமே கண்டிருந்த அந்தக் கைகளை, பயிற்சிக்கு வரிசையில் நின்ற அத்தனை பேரும் இப்போது பார்த்தார்கள். ஞானதுரைக்குக் காதுமடல் சுட்டது. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுத் தலைகுனிந்தான்.

பயிற்சியாளர் சான்றிதழும் பேனாவுமாக நின்றார்.

விரல்களை விலக்காமலே ரோஸ்லின் சொன்னாள்: "அதுல கையெழுத்துப் போட்டுராதீங்க, சார்."