எதிரே வந்த சைக்கிள்

"என் பின்னாலயே வந்தே, இப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிடுவேன். ஆமா!"

கடை வாசல்லயே ஆரம்பிச்சுட்டார் அந்த மனுஷன். அறுபது வயசிருக்கும். திறந்திருந்த மேல் பட்டன் வழியா நெஞ்சுல ஆபரேஷன் தழும்பு தெரிஞ்சுது.

பக்கத்துல அவர் சம்சாரம். தோள்ல மூட்டை மாதிரி ஒரு பை, கையில மாத்திரை டப்பா.

"சைக்கிள் ஓட்டலாம்னுதாங்க டாக்டர் சொன்னார். தனியா ஓட்டச் சொன்னாரா?"

"துணைக்கு ஆள் வெச்சுக்கன்னும் சொல்லலையே! எட்டு மாசமா பாத்ரூம் போனாக்கூட கதவுக்கு வெளியில நின்னு இருமல் சத்தத்தை எண்ணிக்கிட்டிருக்கே. ஒரு அரை மணி நேரம் என்னை நிம்மதியா விடேன்!"

எனக்கு வந்ததே கோபம்! ஆனா நான் யார் கேக்கறதுக்கு? மலை உச்சியில ஒரு நீர்த்தேக்கம், அதன் கரையில வாடகை சைக்கிள் கடை. அவ்வளவுதான் நான்.

சுத்துப்பாதை ஆறு கிலோமீட்டர். மேடு பள்ளமே கிடையாது, தண்ணி ஓரமாவே போகும். சின்னக் குழந்தைகூட சிரிச்சுக்கிட்டே சுத்தி வந்துடும். ஒரே ஒரு சட்டம், ஒன்வே. மாறிப் போனா விசில் ஊதுவேன். ஊதி ஊதி என் பேரே 'விசில்'னு ஆயிடுச்சு.

மெத்தை சீட் வெச்ச சைக்கிளா பொறுக்கி எடுத்துக்கிட்டு அவர் கிளம்பிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கலை.

அந்தம்மா அவர் முதுகையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

"போன் சிக்னல் கிடைக்குமா?"

"இங்க கிடைக்காதும்மா."

"வழியில ஆளுங்க இருப்பாங்களா?"

"இன்னிக்கு வேலை நாள்மா. ஈ காக்கா இருக்காது."

அஞ்சு நிமிஷம் பெஞ்சுல உட்கார்ந்தாங்க, எழுந்தாங்க, மறுபடி உட்கார்ந்தாங்க. அப்புறம் பையை என் மேஜை மேல தொப்புன்னு வெச்சாங்க. மாத்திரை டப்பாவை மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

"எனக்கும் ஒரு சைக்கிள் கொடுங்க."

"பின்னால வரக்கூடாதுன்னாரே?"

"பின்னாலதானே? எதிர்ல வரக்கூடாதுன்னு சொல்லலையே!"

சொல்லிக்கிட்டே இடது பக்கம் திருப்பிட்டாங்க. தப்பான பக்கம்! விசில் தானா வாய்க்கு வந்துடுச்சு. அவங்க முகத்தைப் பார்த்தேன், இறக்கிட்டேன்.

"ஓரமாப் போங்கம்மா!"

முதல் நூறு அடி தள்ளாடித் தள்ளாடிப் போனாங்க. அப்புறம் நேராயிட்டாங்க.

அரை மணி ஆச்சு. முக்கால் மணி ஆச்சு. ரெண்டு பேரையும் காணோம். நெஞ்சைக் கிழிச்சுத் தைச்ச மனுஷனுக்கு சைக்கிள் கொடுத்தவன் நான்தானே! ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்வேன்?

கடையைப் பூட்டிட்டுத் தேடிப் போகலாம்னு சாவியை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து கிணிங் கிணிங்னு மணிச் சத்தம்.

அவர்தான்! வேர்வையோட, சிரிச்ச முகத்தோட வந்து இறங்கினார். அப்பாடா! ஓடிப் போய் ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டேன்.

"ஒண்ணும் இல்லையே சார்? அம்மாவைப் பார்த்தீங்களா?"

"பாதி வழியில எதிர்ல வந்தா. மூச்சு வாங்குதான்னு கேட்டா, இல்லைன்னேன். நாக்கை நீட்டுங்கன்னா, நீட்டினேன். சரின்னு போயிட்டா."

அதுக்கு மேல என்னால வாயை அடக்க முடியலை.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க மேல உசிரையே வெச்சிருக்காங்க. அவங்களைப் போய் என் முன்னால அப்படி விரட்டலாமா?"

அவர் பெஞ்சுல உட்கார்ந்து, வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, பாதையையே பார்த்தார்.

பத்து நிமிஷம் ஆகியும் அந்தம்மா வரலை. எட்டிப் பார்த்தேன். தூரத்துல அணைச் சுவர் மேல, சைக்கிளை நிறுத்திட்டு, கைப்பிடிக் கம்பியில சாய்ஞ்சு நின்னுக்கிட்டிருந்தாங்க. தண்ணியில வாத்துக் கூட்டம் போகுது. முடி காத்துல பறக்குது, அதை ஒதுக்கக்கூடத் தோணாம வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தாங்க. மாத்திரை டப்பா சைக்கிள் கூடையிலேயே கிடந்துச்சு.

நீங்க வந்தது தெரியாம நிக்கறாங்க சார்னு சொல்லி, விசிலை எடுத்தேன். சட்டுனு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"ஊதாதே தம்பி! எட்டு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் என் மூஞ்சியை விட்டுட்டு வேற எதையோ பார்க்கறா."

"அப்போ அந்தச் சண்டை?"

"பின்னால வராதேன்னா எதிர்ல வருவா. முப்பத்திநாலு வருஷமா அவளோட குடித்தனம் பண்றவன், எனக்குத் தெரியாதா?"

என் கையை விட்டுட்டு சிரிச்சார்.

"பின்னால வந்திருந்தா வழி பூரா என் முதுகைத்தான் பார்த்திருப்பா. எதிர்ல வந்தா என்னை ஒரே ஒரு தடவைதான் பார்க்க முடியும் தம்பி. மிச்ச வழியெல்லாம் தண்ணியைப் பார்த்துதானே ஆகணும்?"