கரையேறியவர்கள்

குணசுந்தரி பின்கதவைத் தாழிட்டாள். அது போதாதென்று சமையல் கேஸ் தோம்பையும் நகர்த்தி முட்டுக் கொடுத்தாள். விளக்கு வைக்கிற நேரம்தான் ஆகியிருந்தது.

"நேத்து ராத்திரி கோலா மூடாவுல வந்து எறங்கிட்டானுங்கம்மா," என்றான் மகன் வசந்தன், கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கடலோரத்துக் கோலா மூடா, அவர்கள் எஸ்டேட் இருக்கும் சுங்கை லாலாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரம். அகதிகள் வந்துவிட்டார்கள், குடியுரிமை கேட்கிறார்கள், வீடு புகுந்து திருடுவார்கள், உடனே பகிருங்கள் என்று அந்தச் செய்தி படத்தோடு எஸ்டேட் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

"படகை நடுரோட்டுலயே கொண்டாந்து போட்டிருக்கானுங்க. எவ்ளோ தைரியம் பாரும்மா."

காய்கறிப் பாசாருக்குப் பின்னால் பழைய கடைவீட்டில் தங்கியிருக்கும் அகதிக் குடும்பங்களை இன்றைக்கே அடித்து விரட்டுவதென்று அவன் கூட்டாளிகள் முடிவெடுத்துவிட்டார்களாம். வாசலில் அவர்களில் ஒருவனான தேவன் மோட்டாரை உறுமவிட்டபடி காத்திருந்தான்.

வேறு நாளாக இருந்தால் மகனைத் திட்டி உட்கார வைத்திருப்பாள். இன்று பயம் அவளை ஆட்டிவைத்தது. கதவு மூலையில் கிடந்த கட்டையை அவளே எடுத்துக் கொடுத்தாள். பெற்றவளாயிற்றே, பத்திரம் என்று சொல்லவும் மறக்கவில்லை.

"இந்தப் பொம்பளயப் பாரேன். இடுப்புல புள்ளய வெச்சிக்கிட்டு அழுவறா. புள்ளயக் காட்டியே நீல ஐசி வாங்கி இந்த நாட்டுக்காரியாயிடுவா லா." வசந்தன் படத்தைக் காட்டினான்.

அந்த முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லதென்று பட்டது அவளுக்கு. நாளைக்கு வாசலில் வந்து நின்றால் கதவைத் திறக்காமல் இருக்கலாமே. மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு கைப்பேசியை வாங்கினாள்.

மங்கலான படம். நனைந்து உடம்போடு ஒட்டிய பூப்போட்ட பாத்திக் கைலி, ஒரு காலில் மட்டும் செருப்பு. அந்தக் கைலியை அவள் விரலால் பெரிதாக்கி மறுபடியும் பார்த்தாள். அப்படியே கேஸ் தோம்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே தேவன் ஹார்ன் அடித்தான். கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வசந்தன் கைப்பேசிக்காகக் கையை நீட்டினான். நீட்டிய கையை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நாம கோலா மூடாவுல இருந்தப்ப, சுனாமி அன்னிக்கு எடுத்த படம்யா இது. இந்தப் பொம்பள நான்தான்... இடுப்புல இருக்கிறது நீ."