ஏழு மூட்டை ஈயம்

“மூட்டையை இறக்கி வைங்க மிஸ். அதுல இருக்கிறது எங்க மண்ணு ஈயம்.”

கன்னையா வேனுக்கு முன்னால் காலை அகற்றி நின்றார். லோரி ஓட்டுபவர், வழியை அடைப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்குப் பின்னால், ஸ்ரீ கெம்பாங்கான் ஓரத்துப் பன்னிரண்டு பலகை வீடுகளின் சனமும் நின்றது. வேனுக்குள் ஏழு மூட்டைகள். எல்லாவற்றிலும் வேரோடு பிடுங்கிய செண்டுமல்லிச் செடிகள்.

அந்த வீடுகளைச் சுற்றிச் செடிகளை நட்டவள் உமையாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் இங்கிலீஷ் பேசியே வளர்ந்தவள். ஆறு மாதத்துக்கு முன் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, அப்பாவிடம் கேட்டுத் தாளில் எழுதி வந்த தமிழை வாசித்தாள். “உங்க மண்ணுல நிறைய ஈயம் இருக்கு. இந்தப் பூச்செடிங்க அதை உறிஞ்சி எடுத்துடும்.”

சனம் கைதட்டியது. உமையாள் ஒரு கணம் விழித்தாள். பிறகு தன் தமிழுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். தாளில் மீதியிருந்தது கைதட்டலிலும் வடையிலும் போய்விட்டது.

ஈயம் என்றால் கைதட்டாமல் என்ன செய்வார்கள்? கன்னையாவின் அப்பா பக்கத்தில் லம்பம் என்று சொல்லும் ஈயச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர். லம்பத்தை மூடியபோது அவருக்கு மிஞ்சியது மூட்டுவலி. பெரிய குட்டை ஒன்றும் மிஞ்சியது, அதுகூட அவருடையதல்ல.

சந்தேகம் பூ பூத்த பிறகுதான் வந்தது. சாமி படத்துக்கு ஒரே ஒரு பூ பறித்த வீரம்மாவை, அதாவது கன்னையாவின் மனைவியை, உமையாள் பிடித்துக் கத்தினாள். தலையில் வைக்கக் கூடாதாம், சாமிக்கு வைக்கக் கூடாதாம், ஆட்டுக்கும் போடக் கூடாதாம். ஏன் என்று கேட்டால், அதைத்தான் அன்றைக்கே மண்டபத்தில் சொன்னேனே என்றாள். வீரம்மாவுக்கு நினைவிருந்தது வடை மட்டும்தான்.

இன்றைக்குச் செடிகளைப் பிடுங்கி மூட்டை கட்டியதும் கன்னையாவுக்குச் சங்கதி விளங்கிவிட்டது. பூ ஒரு சாக்கு. சாக்குக்குள் போவது ஈயம்.

“எங்கப்பா தோண்டி எடுத்ததை வெள்ளைக்காரன் கொண்டு போனான். நீங்க தோண்டக்கூட இல்ல, பூவை வெச்சே உறிஞ்சிட்டீங்க. படிச்சவங்க லா.”

உமையாளுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு மாதம் வெயிலில் கிடந்து கருத்தது இதற்குத்தானா என்று தொடங்கி, தமிழ் தீர்ந்ததும் இங்கிலீஷில் திட்டினாள். மூட்டைகளை இங்கேயே விட்டால் செய்த வேலையெல்லாம் வீண் என்றாள். கொண்டுபோக விட்டால் எங்கள் பிழைப்பு வீண் என்றார் கன்னையா. ஒரு மூட்டையை இழுத்து இறக்கி, அதன்மேல் உட்கார்ந்தும் கொண்டார்.

“இந்தச் செடி உங்களுக்கு எதுக்கண்ணே?”

“ஈயத்தை எடுத்து விக்கத்தான். என் மக இந்திராவுக்கு அஞ்சு வயசு. ஒரு வருஷமா வயித்து வலின்னு சுருண்டு படுத்துக்குறா. சாப்பிட மாட்டேங்குறா, பேச்சும் குறைஞ்சு போச்சு. கிளினிக்ல ஒவ்வொரு தடவையும் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பிடுறாங்க. இதை வித்து அவளைப் பெரிய டாக்டர்கிட்ட காட்டப் போறேன்.” கன்னையா இன்னும் சத்தமாகப் பேசினார். “நான் யாரு வீட்டுதையும் கேக்கல மிஸ். என் மண்ணுல இருக்கிறது என் பிள்ளைக்கு.”

உமையாள் திட்டுவதை நிறுத்தினாள். இந்திரா எங்கே விளையாடுவாள் என்று மெதுவாகக் கேட்டாள்.

வீரம்மா வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். தொண்ணூற்று மூன்றில் மூடிய பேட்டரித் தொழிற்சாலையின் சுவரோரம். அங்கேதான் மண்ணில் சோறாக்கி விளையாடுவாளாம். சில நேரம் ருசியும் பார்ப்பாளாம்.

“அண்ணே, இது லம்பத்து ஈயம் இல்லே.” உமையாள் வேனின் முன்கதவைத் திறந்தாள். “அது டின், இது லெட், பேட்டரிக்குள்ள இருக்கிறது. விஷம். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே பேருன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. மூட்டை கிடக்கட்டும், முதல்ல இந்திராவை வேன்ல ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”