துடைத்தால் போகும்

பிள்ளையின் இடது கன்னத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது.

பெண் பிள்ளை, இரண்டே முக்கால் கிலோ என்று சொல்லித்தான் நர்ஸம்மா என் பக்கத்தில் கிடத்தினார். காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை. கண் அந்தத் திட்டிலேயே நின்றுவிட்டது.

இதற்குத்தான் இத்தனை மாதமாகப் பயந்தேன்.

விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் ஆறு வருடம் வெடிக்கு மருந்து அடைத்தவள் நான். அலுமினியப் பவுடர் விரலில் ஏறிவிட்டால் சோறு பிசையும்போதும் மினுங்கும். நாள் தள்ளிப்போனதைக்கூட ஆர்டர் அவசரத்தில் கவனிக்கவில்லை. மூன்று மாதப் பிள்ளையோடு அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். நான் மூச்சில் இழுத்ததெல்லாம் அதற்குத்தானே போயிருக்கும்?

ஸ்கேன் எடுக்கும்போதெல்லாம் கை கால் சரியாக இருக்கிறதா என்று கேட்பேன். நிறம் சரியாக இருக்கிறதா என்று கேட்கத்தான் நினைப்பேன். சிரிப்பார்களே என்று விட்டுவிடுவேன்.

சித்திரையில் கம்பெனியில் பக்கத்து அறை வெடித்தது. கூட வேலை பார்த்த அழகுமீனாவையும் சேர்த்து மூன்று பேர் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் பாண்டிராஜ் என் வயிற்றில் கை வைத்தார். அவரும் அதே கம்பெனியில் மருந்து கலப்பவர். இனிமேல் இரண்டு பேரும் அந்தப் பக்கமே போவதில்லை, இந்தப் பிள்ளை மேல் சத்தியம் என்றார்.

நான் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் காலண்டர் மேல்விளிம்பில் தகரம் அடிக்கப் போனேன். அவர் வேறொரு பிரஸ்ஸில் லோடு ஏற்றப் போனார். முந்தாநாள் வரைக்கும் நின்றுகொண்டே தகரம் அடித்தேன். வலி எடுத்ததைக்கூட வாயுப் பிடிப்பு என்றுதான் நினைத்தேன்.

அவர் அங்கேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். மை அப்பிய கையால் உன் வயிற்றைத் தொடக் கூடாது என்பார். மேலெல்லாம் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கும். மாப்பிள்ளைக்கு இப்போதுதான் மினுக்கு வந்திருக்கிறது என்று கேலி செய்வேன்.

நர்ஸம்மா ஈரப் பஞ்சால் அந்தத் திட்டைத் துடைத்தார். போகவில்லை. காதுவரைக்கும் பரவியது.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, இதுக்கா இப்பிடிப் பயப்படுற? நானும் நாரணாபுரத்துக்காரிதான். எங்கம்மா கையில இத எம்புட்டுப் பாத்திருக்கேன். எண்ணெயத் தொட்டுத் துடைச்சாப் போயிரும்."

என் அம்மா பையிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸம்மா பஞ்சில் நனைத்து இரண்டு இழுப்பு இழுத்தார்.

போய்விட்டது.

கீழே ரோஜா நிறத்தில் வெறும் கன்னம். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. குலசாமியைக் கூப்பிட்டேன். பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. எல்லாம் சிவப்பாக இருந்தன.

"சுத்தமாத் துடைச்சுத்தானே கொண்டாந்தீக, எப்பிடி ஒட்டுச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"அப்பாவுக்குக் காட்டுனோம்ல, அப்ப ஒட்டிருக்கும். மூச்சு வாங்க ஓடி வந்தாரு. கையக் களுவிட்டுத் தொடுங்கன்னு சொல்றதுக்குள்ள பெருவிரலால கன்னத்தத் தொட்டுப்புட்டாரு. ஆச யாரக் கேட்டு நிக்குது?"

அவர் பிரஸ்ஸில் லோடு ஏற்றுகிறவர் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

நர்ஸம்மா கையிலிருந்த பஞ்சை வாங்கி, அதிலிருந்ததை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தேன். பிரஸ் மை பிசுபிசுக்கும். இது வழுக்கியது. வெளிச்சத்தில் காட்டினால் மினுங்கியது. ஆறு வருடம் என் கையில் இருந்தது எனக்குத் தெரியாதா?

காலையில் அவர் வேலைக்குப் போனதிலிருந்து அம்மா அவருக்குப் போன் போட்டிருக்கிறாள். எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று வலிக்கு நடுவிலும் அவருக்காக நான்தான் பரிந்து பேசினேன். பட்டாசுக் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் கைக்கு வரும்.

சத்தியம் செய்த அதே கை, அதே பிள்ளை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அவுக எங்கம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பவே போயிட்டாகளே. தீவாளிக்கு இருவது நாளுதான் கெடக்கு, சீசன்ல அரை நாள் லீவு தர மாட்டாகளாம்."

இன்னொரு தடவை போன் போடச் சொன்னேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஜன்னல் திறந்திருந்தது. விஸ்வநத்தம் பக்கத்து வானம் வெயிலில் வெள்ளையாக வெந்துகொண்டிருந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, அதன் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

"இங்கன ஒரு சத்தமும் இல்லையேம்மா, எதுக்குப் பிள்ள காதப் பொத்துற?" என்றார் நர்ஸம்மா.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டேகால். ஐந்தரைக்குத்தான் வேலை விடுவார்கள்.